டிரம்மில் சுட்ட சிரட்டைக் கரி ஆக்டிவேட்டட் கார்பன் ஆகுமா?

கேள்வி: கொப்பரை எடுத்தபின் சிரட்டை நிறையச் சேர்கிறது. கடலை ஓடும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இரண்டையும் டிரம்மில் சுட்டு ஆக்டிவேட்டட் கார்பன் தயாரிக்கலாமா?

பதில்: டிரம்மில் கரிதான் வரும். அதை ஆக்டிவேட்டட் கார்பன் ஆக்க, காற்றுப் படாமல் 800 முதல் 1000 டிகிரி செல்சியஸில் வைத்து நீராவி செலுத்த வேண்டும். நீராவி கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்குகிறது. நல்ல சரக்கில் ஒரு கிராமுக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். அழுக்கையும் வாடையையும் பிடித்து வைப்பது அந்தப் பரப்புதான். ஆனால் இந்த வேலையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வெளிவரும். ஒன்று ஆளைக் கொல்லும், மற்றது வெடிக்கும். வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்கிற காரியம் இல்லை. அரிப்பில் எடையும் போய்விடும்: பத்து கிலோ சிரட்டை மூன்று கிலோ கரியாகி, கடைசியில் சுமார் ஒரு கிலோதான் மிஞ்சும்.

என்னைக் கேட்டால், நல்ல கரியாகச் சுட்டு ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைக்குக் கொடுப்பதே உங்களுக்குச் சரி. நார் நீக்கி நன்றாகக் காய்ந்த சிரட்டையை மட்டும் போடுங்கள். முதலில் வரும் கெட்டியான வெள்ளைப் புகை பெரும்பாலும் ஈரம். புகை மெலிந்து நீலம் தட்டியதும் டிரம்மின் காற்றுத் துளைகளை மண் பூசி அடைத்துவிடுங்கள். முழுக்க ஆறும்வரை மூடியைத் திறக்க வேண்டாம். சூடாகத் திறந்தால் கரி மறுபடி பற்றிக்கொள்ளும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஈரம் ஏறி, வாங்குபவர் எடையில் கழிப்பார். வெந்த கரி கணீரென்று ஒலிக்கும், உடைத்த இடம் பளபளக்கும். சிரட்டை எடையில் 25 முதல் 30 சதவீதம் கிடைத்தால் பக்குவம் சரி. அதைவிடக் குறைந்தால் எங்கோ காற்று புகுந்து கரி சாம்பலாகியிருக்கிறது. மிகவும் கூடினால் வேகவில்லை. மண்தரையில் கொட்டாதீர்கள், மணல் ஒட்டினால் சோதனையில் சாம்பல் அளவு ஏறும்.

கடலை ஓட்டை இதோடு கலக்கவே வேண்டாம். அது லேசானது, சாம்பல் அதிகம், கரியும் பொடிந்துவிடும். பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்டுத் தூள் கார்பன் எடுக்கும் முறை இருக்கிறது. ஆனால் கழுவிய அமிலத் தண்ணீரை எங்கே விடுவது? கடலை ஓட்டைச் செடிகளுக்கு மூடாக்காகப் போடுங்கள், இல்லையென்றால் சாணத்தோடு சேர்த்து மக்கவிடுங்கள்.

அப்புறம், முந்திரி ஓடு கிடைத்தாலும் எண்ணெய் எடுக்காமல் டிரம்மில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகையும் கண்ணை எரிக்கும்.

முதல் சூளைக் கரியில் ஒரு பையை மட்டும் ஆலைக்கு அனுப்பி ஈரம், சாம்பல், ஆவியாகும் பொருள் மூன்றையும் சோதித்துச் சொல்லக் கேளுங்கள். எந்த அளவுத் துண்டு வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.