சப்பாத்தி தேய்த்த கையும் குக்கீ மாவும்

சத்துவாச்சாரியில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டில் பட்டர் குக்கீ செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். ஒரே தட்டில் வைத்ததில் சிலது ஓரம் கருகிவிடுகிறது, சிலது நடுவில் வேகாமல் மெத்தென்று இருக்கிறது. மாவைச் சமமாகத் தேய்க்க வரவில்லை என்று தெரிகிறது. வெயில் காலத்தில் கட்டையோடு ஒட்டியும் கொள்கிறது. இருபது வருஷமாகச் சப்பாத்தி தேய்க்கிறேன், இது மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?"

இருபது வருஷமாகச் சப்பாத்தி தேய்த்ததால்தான்! சப்பாத்திக்கு நாம் ஓரத்தை அழுத்தித் தேய்த்துப் பழகியிருக்கிறோம். அப்போதுதான் மாவு பலகையில் தானாகச் சுற்றும், வட்டமாக வரும். ஓரம் கொஞ்சம் மெலிந்தாலும் திருப்பிப் போட்டுச் சுட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. குக்கீயை யார் திருப்பிப் போடுவது? 3 மி.மீ. இருக்கும் ஓரத்துத் துண்டு சிவந்து முடிக்கும்போது 6 மி.மீ. இருக்கும் நடுத்துண்டு பாதிதான் வெந்திருக்கும்.

அடுத்து உங்கள் கட்டையைப் பாருங்கள். நம் வீட்டுப் பூரிக்கட்டைகளில் பாதிக்கு நடுவில் தொந்தி இருக்கும். ஸ்டீல் ஸ்கேலைக் கட்டையின் நீளவாக்கில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முனைகளில் இடைவெளி தெரிந்தால் அந்தக் கட்டை சப்பாத்திக்கே இருக்கட்டும். அதை வைத்து என்ன கவனமாகத் தேய்த்தாலும் மாவில் பள்ளம்தான் விழும்.

கண் அளவையும் கை அளவையும் இதில் நம்ப வேண்டாம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் வேலை பார்ப்பவர்கள் உங்கள் உறவில் யாராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். தோலை ஷேவிங் மெஷினில் கொடுத்துக் கனத்தைச் சமப்படுத்திவிட்டு, அப்புறமும் கேஜ் வைத்து அளப்பார்கள். நமக்கு மெஷின் வேண்டாம், இரண்டு பட்டை போதும். தச்சுப் பட்டறையில் 6 மி.மீ. பிளைவுட் துண்டு கிடக்கும். ஒரு அடி நீளம், ஒரு அங்குல அகலத்தில் இரண்டு பட்டை அறுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே பலகையில் அறுத்ததாக இருக்க வேண்டும்.

மாவுக்கு இரண்டு பக்கமும் அந்தப் பட்டைகளை வைத்து, கட்டையின் முனைகள் அவற்றின் மேல் ஓடும்படி தேய்க்க வேண்டும். கட்டை பட்டையில் உட்கார்ந்த பிறகு நீங்கள் என்ன அழுத்தினாலும் மாவு அதற்கு மேல் மெலியாது. ஒரு தடவைக்கு 300 கிராம் மாவு எடுங்கள். 6 மி.மீ. கனத்தில் அது ஏறத்தாழ 20 செ.மீ. சதுரமாக விரியும். பட்டைகளையும் சேர்த்தால் 12 அங்குலக் கட்டைக்குள் அடங்கிவிடும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். விளிம்பு வந்ததும் கட்டையைத் தூக்கிவிடுங்கள், உருண்டு கீழே இறங்க விடாதீர்கள்.

ஒட்டுவதற்கு வருவோம். வெண்ணெய் 32 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே உருகத் தொடங்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. அந்த நேரத்தில் ஒட்டுகிறது என்று மைதாவை மேலும் மேலும் தூவினால் குக்கீ வறண்டு கடினமாகிவிடும். மைதாவே தூவாமல், இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் மாவை வைத்துத் தேய்ப்பதுதான் சரி. நாலு தேய்ப்புக்கு ஒரு முறை பேப்பரை உரித்து மறுபடி போடுங்கள், மாவைத் திருப்பி அடிப்பேப்பரையும் அப்படியே. இல்லாவிட்டால் பேப்பரின் சுருக்கம் மாவில் கோடாகப் பதியும்.

என் வகுப்புக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் மாவை உருண்டையாக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கல் மாதிரி இறுகிய பிறகு எடுத்துத் தேய்க்கப் போராடுவார்கள். ஓரம் வெடிக்கும், நடுவில் மேடு நிற்கும். வரிசையை மாற்றுங்கள். பிசைந்த உடனே, மாவு மிருதுவாக இருக்கும்போதே தேய்த்துவிடுங்கள். பேப்பரோடு தட்டில் வைத்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் குளிர வைத்து, அப்புறம் அச்சால் வெட்டுங்கள். ஃபிரிட்ஜில் தட்டு நுழையாவிட்டால் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன் முதுகில் வையுங்கள். மே மாதத்தில் விடியற்காலையில் தேய்த்து வைத்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை. கிரானைட் மேடை சூடாக இருந்தால் ஐஸ் தண்ணீர் ஊற்றிய தட்டைப் பத்து நிமிடம் அதன் மேல் வைத்து, துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வெட்டியது போக மீந்த மாவைப் பிசையாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி அமுக்கி, அதே பட்டைகளுக்கு நடுவில் இன்னொரு முறை தேய்க்கலாம். மூன்றாவது முறை தேய்த்ததை விற்காதீர்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கு அது போதும்.

சமமாக வந்ததா என்று தெரிய, விற்பனைக்கு வைத்திருக்கும் தராசே உதவும். 6 செ.மீ. வட்ட அச்சில், 6 மி.மீ. கனத்தில் வெட்டிய துண்டு ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். கனம் 1 மி.மீ. குறைந்தால் எடையில் 3 கிராமுக்கு மேல் குறையும். நடுவில் ஒன்று, நாலு மூலையில் நாலு எடுத்து நிறுத்துப் பாருங்கள். எடை ஒத்திருந்தும் ஒரு பக்கம் மட்டும் கருகினால் தப்பு மாவில் இல்லை. ஓவனின் ஒரு மூலை கூடுதலாகச் சுடுகிறது, அல்லது தட்டு நெளிந்திருக்கிறது. பாதி வெந்ததும் தட்டைத் திருப்பி வையுங்கள்.

புதுக் கட்டை வாங்குவதானால் கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்யுங்கள். ஆனால் "பூரிக்கட்டை" என்று மட்டும் சொல்லாதீர்கள், பழக்கத்தில் தொந்தியோடு கடைந்து தந்துவிடுவார்கள். "நேர் உருளை, கைப்பிடி வேண்டாம், இந்த முனையில் இருந்து அந்த முனை வரை ஒரே கனம்" என்று சொல்லி, போகும்போது அந்த ஸ்டீல் ஸ்கேலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.