இடம் சரி, நேரம்தான் தப்பு: இலையுதிர் கால வலசைக்கு இரண்டு நாள் திட்டம்

கேள்வி: கடலுக்குள் சுமார் இருபது கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஒரு தீபகற்பத்துக்குச் செப்டம்பர் கடைசி வாரத்தில், சனி ஞாயிறு இரண்டு நாள், நாங்கள் நான்கு பேர் போகிறோம். போன ஆண்டும் போனோம். இரண்டு நாளும் பத்து மணிக்கு மேல் முனையில் போய் நின்றோம். கடற்காகங்களைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. வலசைக்குப் பேர்போன இடம் என்கிறார்களே, பறவைகள் எங்கே போயின? எங்களிடம் ஆளுக்கொரு பைனாகுலர் மட்டும்தான் உண்டு.

பதில்: பறவைகள் எங்கேயும் போகவில்லை. நீங்கள் எழுந்து வருவதற்குள் பாதி வேலையை முடித்துவிட்டன, அவ்வளவுதான்.

தீபகற்ப முனைக்கு இரண்டு விதமான பறவைகள் வந்து சேர்கின்றன. இரண்டுக்கும் காரணம் வேறு, நேரமும் வேறு. பருந்து, கழுகு வகைகள் பகலில் பறப்பவை. தரை சூடாகி மேலே எழும் வெப்பக் காற்றில் ஏறி, சிறகடிக்காமலே மிதந்து போகும். கடல்மேல் அந்தக் காற்று சரியாக எழுவதில்லை. அதனால் தரை இருக்கும்வரை தரையை விட மாட்டா. தெற்கே போகப் போகத் தரை குறுகும், பறவைகளும் நெருங்கும். சுவீடனின் ஃபால்ஸ்டர்போ, அமெரிக்காவின் கேப் மே எல்லாம் இப்படி எண்ணெய் ஊற்றும் புனல்போலக் குறுகி அமைந்த இடங்கள்தான். கேப் மேயில் 1976 முதல் இலையுதிர் காலந்தோறும் உட்கார்ந்து வேட்டைப் பறவைகளை எண்ணுகிறார்கள்.

கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான் மாதிரியான சிறு பறவைகளின் கதை வேறு. அவை இரவில், ஒரே பாதையில் குவியாமல் பரவலாகப் பறக்கும். கீழே முனை இருக்கிறதா இல்லையா என்று பார்த்து வருவதில்லை. பொழுது விடியும்போது கீழே கடல் தெரிந்தால், கிட்டத்தில் உள்ள தரைக்குத் திரும்பும். வந்து சேர்ந்ததும் பல பறவைகள் தீபகற்பத்தின் வழியாகவே வடக்கு நோக்கி, அதாவது வந்த திசைக்கே, கிளம்பிவிடும். இரையும் மறைவும் உள்ள மரக்கூட்டம் பெரும்பாலும் அடிப்பகுதியில்தான் இருக்கும் என்பதே காரணம். விடியலில் முனையில் நிற்பவருக்குத் தெற்கே போகவேண்டிய குருவிகள் தலைக்குமேல் வடக்கே போவது தெரியும். முதல்முறை பார்த்தபோது நான் திசைகாட்டியைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஆகவே முனைக்குச் சூரியன் உதிக்க அரை மணி முன்பே போய்விடுங்கள். உதயத்துக்குப் பின் வரும் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் சிறு பறவைகளுக்கான நேரம். வானத்தை மட்டும் பார்க்காமல் காலடியையும் பாருங்கள். இரவெல்லாம் மழையடித்த ஒரு காலை, கடலோரப் புல்லில் ஏதோ பூச்சி ஊர்வதாக நினைத்துக் குனிந்தேன். கோல்ட்கிரெஸ்ட் என்னும் குட்டிக் குருவி. மொத்த எடை ஐந்தாறு கிராம். கடலைத் தாண்டி வந்திருந்தது. என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி ஒவ்வொரு புல்லாகப் புரட்டிப் பூச்சி தேடியது. நான் நிற்பதையே அது பொருட்படுத்தவில்லை. பைனாகுலரில் பார்க்க முடியாத அளவு கிட்டத்தில் இருந்தது.

எட்டரை ஒன்பதுக்கு முனையை விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்து, காற்று படாத, வெயில் விழும் பக்கத்துப் புதர்களைத் தேடுங்கள். பூச்சி அங்கேதான் இருக்கும், குருவியும் அங்கேதான். பத்து மணியிலிருந்து இரண்டு வரை திறந்த மேட்டில் உட்கார்ந்து வேட்டைப் பறவைகளைப் பாருங்கள். வெறும் நீலவானத்தில் தேடினால் கண் எதிலும் நிலைக்காது. வெள்ளை மேகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தேடினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு பருந்து கடலுக்குமேல் கொஞ்ச தூரம் போய், மனசு மாறித் திரும்பி வரும். அதையே இரண்டு மூன்று தடவை எண்ணிவிடாதீர்கள்.

இதெல்லாம் காற்று ஒத்துழைத்தால். எந்தக் காற்று நல்லது என்பதற்கு எல்லாக் கரைக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குளிர்முகம் (குளிர்க்காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்தபின் வீசும் வடமேற்குக் காற்று கொண்டாட்டம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிழக்குக் காற்றும் தூறலும்தான் வேண்டும். முரண்போலத் தெரிந்தாலும் கணக்கு ஒன்றுதான்: வலசைப் பாதையிலிருந்து பறவைகளை உங்கள் கரைக்கு ஒதுக்கும் காற்று எது என்று வரைபடத்தை வைத்துப் பாருங்கள். முன்னிரவு தெளிந்திருந்து பின்னிரவில் மழை பிடித்தால் இன்னும் விசேஷம். கிளம்பிய பறவைகள் வழியிலேயே இறங்கும். அந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமை விடியலில் போர்வைக்குள் இருப்பவர்களை இழுத்துக்கொண்டாவது போங்கள்.

மூன்றாவது கூட்டம் சேற்றுப் பரப்பில் இருக்கிறது. உள்ளான், மூக்கன், உப்புக்கொத்தி முதலிய கரைப்பறவைகள். கடல் வற்றியிருக்கும்போது போனால் அரை மைல் தள்ளி, கானலில் நடுங்கும் பொட்டுகளைத்தான் பார்ப்பீர்கள். பைனாகுலரைவிடப் பெரிதாகக் காட்டும் தொலைநோக்கி இல்லாதவர்களுக்கு அது வீண். கடல் ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் ஓரிடத்தில் அசையாமல் உட்காருங்கள். தண்ணீர் ஏற ஏறச் சேறு சுருங்கி, பறவைகள் தாமாக உங்களை நோக்கி நகரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றம் பெரிதாக இருக்கும். செப்டம்பர் கடைசியில் பல இனங்களில் வளர்ந்த பறவைகள் முன்பே கடந்துவிட்டிருக்கும். நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை அந்த ஆண்டுக் குஞ்சுகள். முதுகிறகுகளில் வெளிறிய ஓரம், மீன் செதில்போல ஒழுங்காக இருக்கும்.

ஏற்றத்தின்போது கூட்டமாக ஓய்வெடுப்பவற்றைப் படத்துக்காக எழுப்பிவிட வேண்டாம். 2022இல் பிறந்து சில மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்குமே இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது. பதினோரு நாள். அதற்கு எரிபொருள் உடம்பில் சேர்த்த கொழுப்புதான். நாம் விரட்டும் ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் கரைகிறது.

ஏற்றத்தில் உங்களுக்கும் ஆபத்து உண்டு. இங்கிலாந்தின் ஸ்பர்ன் தீபகற்பத்தில் 2013 டிசம்பர் புயலலை குறுகிய கழுத்துப் பகுதியை உடைத்துவிட்டது. இப்போது பெரிய ஏற்றங்களில் அங்கே தண்ணீர் புரளும், அப்பால் இருப்பவர் நீர் வடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் தீபகற்பத்திலும் அப்படிக் குறுகிய இடம் இருந்தால், ஏற்ற நேரத்தைப் பார்க்காமல் அதைத் தாண்டாதீர்கள்.

கருவி பற்றிக் கவலை வேண்டாம். எட்டு மடங்கு பைனாகுலர் போதும். பத்து மடங்கைவிடப் பார்வைப் பரப்பு பெரும்பாலும் அகலமாக இருப்பதால் பறக்கும் குருவியைப் பிடிப்பது எளிது. காசு மிச்சமிருந்தால் தொலைநோக்கி வாங்குவதைவிட இன்னொரு நாள் தங்குவேன் நான்.

வெள்ளி இரவு இரண்டே விஷயத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்: காற்றின் திசை, ஏற்ற நேரம். காற்று இரண்டு நாளும் மாறாகவே வீசினால் முனையை மறந்துவிட்டுச் சேற்றுக் கரைக்குப் போங்கள். கடல் எப்படியும் ஏறும். சனிக்கிழமை பத்து மணிக்கு உச்ச ஏற்றம் என்றால், ஞாயிறன்று ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம்.