அடுக்கு மீக்கடத்திகளில் பிளாஸ்மா அலைவு ஏன் இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் வருகிறது?

அலுமினியத்தில், எலக்ட்ரான் கூட்டம் மொத்தமாக முன்னும் பின்னும் ஆடும் பிளாஸ்மா அலைவைக் கிளப்ப ஏறத்தாழ 15 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். காப்பர்-ஆக்சைடு தளங்கள் அடுக்கடுக்காக அமைந்த மீக்கடத்தியான பிஸ்மத் குப்ரேட் படிகத்தில் மட்டும் நுண்ணலையே போதுமானதாக இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே எலக்ட்ரான்களுக்குப் பஞ்சமில்லை. ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குக் கடப்பதுதான் கடினம். காரணம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

எலக்ட்ரான் கூட்டம் மொத்தமாகச் சற்று நகர்ந்தால் ஒரு பக்கம் எதிர்மின்னூட்டமும் மறுபக்கம் நேர்மின்னூட்டமும் தேங்கும். கூலும் விசை கூட்டத்தைத் திரும்ப இழுக்கும். எலக்ட்ரான்கள் எளிதாக நகரும் திசையில் அலைவு வேகமாக இருக்கும். குப்ரேட்டின் காப்பர்-ஆக்சைடு தளத்துக்குள் அது ஓர் எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது. தளத்துக்குச் செங்குத்தாகவோ, மீக்கடத்து நிலையில் கூப்பர் இணைகள் (இரண்டிரண்டாகச் சேர்ந்து மீக்கடத்தலைத் தாங்கும் எலக்ட்ரான்கள்) இடையிலுள்ள காப்பு அடுக்கைக் குவாண்டம் முறையில் ஊடுருவிக் கடக்க வேண்டும். 1962-இல் ஜோசப்சன் கணித்த விளைவு இதுவே. பிஸ்மத் குப்ரேட்டில் சுமார் 1.5 நானோமீட்டருக்கு ஒன்றாக இத்தகைய சந்திகள் இயற்கையாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை 1992-இல் கிளைனரும் மியூல்லரும் குழுவினரும் காட்டினார்கள்.

கணக்கும் எளிதே. செங்குத்து மின்னோட்டங்கள் தடுக்கும் காந்தப்புலம் எவ்வளவு ஆழம் ஊடுருவுகிறது என்று பாருங்கள். ஒளியின் வேகத்தை அந்த ஆழத்தாலும், ஒப்புமை விடுதிறனின் (பொருள் மின்புலத்தை எத்தனை மடங்கு குறைக்கிறது என்ற எண்) வர்க்கமூலத்தாலும் வகுத்தால் கோண அதிர்வெண் கிடைக்கும். ஆழம் 150 மைக்ரோமீட்டர், விடுதிறன் 12 என்று வைத்து, கிடைப்பதை 2π-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 90 கிகாஹெர்ட்ஸ். பிணைப்பு வலுவாக உள்ள லாந்தனம் குப்ரேட்டில் ஆழம் சில மைக்ரோமீட்டர்தான்; அதனால் அலைவு டெராஹெர்ட்ஸ் பகுதிக்கு ஏறிவிடுகிறது.

என்னை இந்த விஷயத்தில் ஈர்ப்பது வேறொன்று. கூப்பர் இணைகளின் கட்டம் (அவற்றின் பொதுவான குவாண்டம் அலை எந்த நிலையில் இருக்கிறது என்பது) அலைவதற்கு, கூலும் விசை இல்லாவிட்டால், ஆற்றலே தேவைப்படாது. அந்த விசைதான் அதைப் பிளாஸ்மா அதிர்வெண்ணுக்கு உயர்த்துகிறது. துகள் இயற்பியலுக்கும் இதன் பொருத்தத்தை 1963-இல் ஃபிலிப் ஆண்டர்சன் சுட்டிக்காட்டினார். சாதாரண மீக்கடத்தியில் அந்த உயரம் ஆற்றல் இடைவெளியைவிட (இணைகளை உடைக்கத் தேவையான ஆற்றலின் அளவுகோல்) ஆயிரக்கணக்கான மடங்கு மேலே இருக்கிறது. அங்கே மீக்கடத்தலின் சாயலே எஞ்சுவதில்லை. அடுக்குப் பொருளிலோ 90 கிகாஹெர்ட்ஸ் என்பது 0.4 மில்லி எலக்ட்ரான் வோல்ட்கூட இல்லை. இடைவெளியோ பல பத்து மில்லி எலக்ட்ரான் வோல்ட். இணைகளை உடைக்கப் போதாத ஆற்றல் என்பதால் அலைவு எளிதில் தேய்ந்துவிடாமல் கூர்மையாகத் தெரிகிறது.

மாணவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் சோதனை தமசாகு, நகமுரா, உச்சிதா ஆகியோர் 1992-இல் லாந்தனம் குப்ரேட்டில் செய்தது. மின்புலம் தளங்களுக்குச் செங்குத்தாக உள்ள தொலை அகச்சிவப்பு ஒளியில், நிலைமாறு வெப்பநிலைக்கு மேலே படிகத்தின் எதிரொளிப்பு காப்புப்பொருளுடையதைப் போலவே இருக்கிறது. அதற்குக் கீழே குளிர்வித்ததும் எதிரொளிப்பு திடீரென மாறும் பிளாஸ்மா விளிம்பு ஒன்று தோன்றி, மேலும் குளிரக் குளிர உயர் அதிர்வெண்ணுக்கு நகர்கிறது. அடுக்குகளுக்கிடையே ஒத்திசைவு பிறப்பதைக் கண்ணெதிரே காட்டும் அளவீடு இதைவிட நேரடியானது எனக்குத் தெரிந்து இல்லை.

தளங்களுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் செலுத்தினால், ஒவ்வொரு தளத்திலும் உள்ள சுழல்கள் (புலம் நுழையும் இடத்தைச் சுற்றியோடும் மின்னோட்டங்கள்) மேல்தளச் சுழல்களோடு நேர்கோட்டில் நில்லாமல் விலகுகின்றன. அடுத்தடுத்த அடுக்குகளின் கட்டங்கள் பொருந்தாமல் போவதால் அலைவின் அதிர்வெண் இறங்குகிறது. எனவே நுண்ணலை உறிஞ்சலை அளந்தே, படிகத்துக்குள் சுழல்கள் எவ்வளவு சீராக நிற்கின்றன என்று கணிக்கலாம்.