86-ஆ, 57-ஆ? கன்சோல் கேம் மதிப்பெண்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய பிஎஸ்4. 'சைபர்பங்க் 2077' டிஸ்க் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது. மெட்டாகிரிட்டிக்கில் 86 என்று பார்த்தேன். நண்பன் 57 என்று சாதிக்கிறான். யார் சொல்வது சரி? (திருச்சி வாசகர்)

இரண்டும் சரி. பல இதழ்களின் விமர்சன மதிப்பெண்களைத் திரட்டி ஒரே எண்ணாக்கும் தளமான மெட்டாகிரிட்டிக், ஒரே கேமுக்குக் கருவிவாரியாகத் தனித்தனி மதிப்பெண் போடுகிறது. நீங்கள் பார்த்த 86 பி.சி. பதிப்புக்கு உரியது. பிஎஸ்4 பதிப்புக்கு 57, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்புக்கு 61.

இத்தனை இடைவெளி விழுந்த கதையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வேறு கேம் வாங்கும்போதும் உதவும். கேம் கடைக்கு வந்தது 2020 டிசம்பர் 10. விமர்சனங்கள் 7-ஆம் தேதியே வெளியாகிவிட்டன. அதற்காக விமர்சகர்கள் கைக்குப் போனது பி.சி. பதிப்பு மட்டும். தாங்கள் ஆடியதைப் பதிவுசெய்து காட்டவும் அப்போது அனுமதி இல்லை. கேமைத் தயாரித்த சிடி புராஜெக்ட் நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் வீடியோவில் சேர்க்க முடிந்தது. ஆக, முன்பதிவு செய்த பிஎஸ்4-காரர் படித்த விமர்சனங்களில் ஒன்றுகூட அவர் வீட்டுப் பெட்டியில் ஓடப்போகும் கேமைப் பற்றியதல்ல. வெளியான பிறகுதான் விஷயம் தெரிந்தது. பழைய பிஎஸ்4-இல் நெரிசலான தெருக்களில் ஃபிரேம் ரேட், அதாவது திரையில் நொடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை, 20-க்கும் கீழே சரிந்தது. சுவர், சாலைகளின் மேற்பரப்புப் படங்கள் தாமதமாக வந்து ஒட்டின. கேம் நடுவில் மூடிக்கொண்டது. பழைய கன்சோல்களில் கேம் எப்படி ஓடும் என்பதை முன்கூட்டிக் காட்டாததற்கு நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. வெளிவந்த ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷன் நிறுவனமான சோனி தன் இணையக் கடையிலிருந்து கேமை எடுத்தது. திரும்ப வைத்தது 2021 ஜூனில்.

இனி உங்கள் டிஸ்க். பிறகு வந்த பேட்ச்கள் (குறைகளைத் திருத்தும் அப்டேட்கள்) பிஎஸ்4 பதிப்பை ஓரளவு ஆடும் நிலைக்குக் கொண்டுவந்தன. ஆனால் 1.6 என்ற அப்டேட்டுக்குப் பிறகு பெரிய அப்டேட் எதுவும் பிஎஸ்4-க்கு வரவில்லை. கேமில் வரும் திறன்களையும் போலீஸையும் அடியோடு மாற்றிய 2.0 அப்டேட் கிடையாது, 'ஃபேன்டம் லிபர்ட்டி' கூடுதல் கதையும் கிடையாது. அடுத்து டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த டிஸ்க்கை வாங்கி வையுங்கள். பிஎஸ்5 பதிப்பு அதற்கு இலவசமாக இறங்கும். டிரைவ் இல்லாத பிஎஸ்5 என்றால் டிஸ்க்கால் பயனில்லை. பிஎஸ்4-இல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் வேறு கேம் பாருங்கள்.

கேள்வி: மெட்டாகிரிட்டிக் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது? நானே விமர்சனங்களைக் கூட்டி வகுத்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. (கோவை வாசகி)

ஒத்துவராது. அது சாதாரண சராசரி அல்ல. 2001-இல் தொடங்கிய நாளிலிருந்தே சில இதழ்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். எந்த இதழுக்கு எத்தனை எடை என்பதை வெளியில் சொல்வதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு. ஐந்து விமர்சனங்கள்: 90, 90, 80, 80, 60. கூட்டி வகுத்தால் 80. அந்த 60 கொடுத்த இதழுக்கு மட்டும் இரட்டை எடை என்று வைத்தால் மொத்தம் 460, வகுப்பது ஆறால், கிடைப்பது 77. ஒரே இதழின் எடை மூன்று மதிப்பெண்ணைத் தின்றுவிடுகிறது.

நட்சத்திரத்தையும் எழுத்துத் தரத்தையும் நூறுக்கு மாற்றிப் போடும் இடத்திலும் தகராறு உண்டு. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் 80 ஆகிறது, மூன்று நட்சத்திரம் 60 ஆகிறது. 'பரவாயில்லை, ஆடலாம்' என்ற அர்த்தத்தில் மூன்று போட்டவர், பத்துக்கு ஆறு போட்ட கறார் பேர்வழியோடு ஒரே வரிசையில் போய் நிற்கிறார். எழுத்துத் தரம் இன்னும் மோசம்: 'ஏ' என்றால் 100, 'பி' என்றால் 75, 'சி' என்றால் 50. 'பி' வாங்கிய பிள்ளையை யாரும் 75 மார்க் என்று நினைப்பதில்லை.

75-இலிருந்து பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. குறைந்தது நான்கு விமர்சனம் வந்தால்தான் மதிப்பெண்ணே தோன்றும். நான்கே பேர் சொன்ன 85-ஐயும் நூறு பேர் சொன்ன 85-ஐயும் ஒன்றாக நினைக்காதீர்கள்; எண்ணுக்குப் பக்கத்திலேயே எத்தனை விமர்சனம் என்று இருக்கும்.

இதே வேலையைச் செய்யும் இன்னொரு தளம், 2015-இல் வந்த ஓப்பன்கிரிட்டிக், எடை போடுவதில்லை, நேர் சராசரிதான். எத்தனை சதவீதம் பேர் பரிந்துரைக்கிறார்கள் என்பதையும் தனியாகக் காட்டும். ஆனால் கருவிவாரியாகப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் சேர்த்துவிடுகிறது. அதனால்தான் 'சைபர்பங்க்' பக்கத்தில் அவர்களே எச்சரிக்கைக் குறிப்பு போட வேண்டிவந்தது. பழைய கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு மெட்டாகிரிட்டிக்கின் தனிப் பிரிப்புதான் பயன்.

கேள்வி: 7/10 வாங்கிய கேமை 'மொக்கை' என்று ஒதுக்குகிறார்களே, நியாயமா? (சேலம் வாசகர்)

நியாயமில்லை, ஆனால் காரணம் உண்டு. ஐ.ஜி.என்., கேம்ஸ்பாட் என்ற கேம் விமர்சனத் தளங்கள் இரண்டின் அளவுகோலிலும் 7 என்றால் 'நன்று' என்றே எழுதியிருக்கிறது. 5 என்றால் 'சுமார்'. அப்படியிருந்தும் 7 தாழ்வாகத் தெரிகிறது. ஒன்று, வாரம் முழுக்க வந்து குவியும் கேம்களில் ஓரளவு தேறியவற்றைத்தான் இதழ்கள் விமர்சனத்துக்கே எடுக்கின்றன. 2-ம் 3-ம் வாங்க வேண்டியவை பட்டியலுக்குள்ளேயே வருவதில்லை. இரண்டு, பெரிய இதழ்கள் பல அமெரிக்காவில் இருப்பவை. அங்கே பள்ளியில் 60-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஃபெயில். 35 எடுத்துத் தேறிய நமக்கு 7 என்பது கௌரவமான மார்க்!

உங்களுக்குப் பிடித்த வகை கேமாக இருந்தால் 7-ஐ நம்பி வாங்கலாம். பிடிக்காத வகையில் 9 வாங்கினாலும் பத்து மணி நேரத்தில் அலுத்துவிடும். பிரிட்டனின் 'எட்ஜ்' இதழ் 5-ஐ நிஜமாகவே நடுமதிப்பாக வைத்து எழுதுவது. அதில் 7 வாங்கினால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் 40-க்கு 40 கொடுத்தால் அந்த கேம் கட்டாயம் நன்றாக இருக்குமா? (புதுச்சேரி வாசகர்)

நான்கு பேர், ஆளுக்குப் பத்து, கூட்டினால் நாற்பது. ஆளுக்குச் சில வரிதான் எழுதுவார்கள். 35-உம் அதற்கு மேலும் பிளாட்டினம், 32 முதல் 34 வரை தங்கம், 30, 31 என்றால் வெள்ளி. 1986-இல் தொடங்கிய இதழ் முதல் 40-ஐக் கொடுக்கப் பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொண்டது. 1998-இன் 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்'. அதன் பிறகு கை தாராளமாகிவிட்டது. 2019-இல் 'டெத் ஸ்ட்ராண்டிங்' அங்கே 40 வாங்கியது. மெட்டாகிரிட்டிக்கில் அதன் பிஎஸ்4 மதிப்பெண் 82. சுமை தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நடப்பதுதான் அந்த கேமின் உயிர். அதை ரசித்தவர்கள் பத்து போட்டார்கள், சலித்தவர்கள் ஆறு போட்டார்கள். 40 என்பது அந்த நாலு பேருக்கும் நடை பிடித்திருந்தது என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

கேள்வி: ஒரு கேம் வந்தபோது விமர்சகர்கள் 93 தந்தார்கள், மக்கள் பத்துக்கு 3.4 தந்தார்கள். யாரை நம்புவது? (மதுரை வாசகர்)

நீங்கள் சொல்வது 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' என்று நினைக்கிறோம். 2020 ஜூன் 19-இல் வெளியானது. முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேமுக்கு முதல் சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கில் பூஜ்யம் விழுந்தது. போட்டவர்களில் பெரும்பாலோர் முடித்திருக்க வழியில்லை. அதன் பிறகுதான் மெட்டாகிரிட்டிக், கேம் வெளிவந்து 36 மணி நேரம் கழித்தே பயனர் மதிப்பெண் போடலாம் என்று விதியை மாற்றியது.

அதற்காகப் பயனர் மதிப்பெண்ணையே குப்பையில் போட்டுவிடாதீர்கள். 'கிரான் டூரிஸ்மோ 7' கதை நேர்மாறு. 2022 மார்ச் 4-இல் வந்தது, விமர்சகர் மதிப்பெண் 87. இரண்டு வாரத்தில் ஓர் அப்டேட். பல பந்தயங்களில் கிடைக்கும் கேம் பணத்தைக் குறைத்தார்கள். அதே பணத்தைக் கடையில் நிஜக் காசு கொடுத்தும் வாங்கலாம் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். போதாததற்கு சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் படுத்துக்கொண்டது. தனியாக ஆடும் பகுதிக்கும் இணைய இணைப்பு வேண்டும் என்பதால் கேமின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்தது. பயனர் மதிப்பெண் பாதாளத்துக்குப் போனது. பிறகு தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு, ஆட்டக்காரர்களுக்கு 10 லட்சம் கேம் கிரெடிட் கொடுத்து, பரிசுத் தொகையையும் உயர்த்தினார்கள். அந்தச் சேதி விமர்சகர்களின் 87-இல் எங்கேயும் இல்லை, இருக்கவும் முடியாது.

பயனர் பக்கத்தில் எண்ணைப் பார்க்காமல் தேதியைப் பாருங்கள். வெளியான நாளிலேயே குவிந்த பூஜ்யங்களில் பெரும்பாலும் கோபம்தான் இருக்கும். வாரங்கள் கழித்துத் திடீரென்று குவிந்தால் ஏதோ அப்டேட் கெடுத்திருக்கிறது. என்ன மாற்றினார்கள் என்று தேடுங்கள்.

கேள்வி: பேட்ச் போட்டுச் சரிசெய்தால் மதிப்பெண் ஏறாதா? (ஈரோடு வாசகி)

ஏறாது. ஓர் இதழ் முதலில் போட்ட மதிப்பெண்ணைத்தான் மெட்டாகிரிட்டிக் ஏற்கும். இதழ் பின்னால் திருத்தினாலும் பழையதே நிற்கும். 2016-இல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை'யின் பிஎஸ்4 மதிப்பெண் 71. சேர்ந்து ஆடும் வசதி முழுமையாக வந்தது 2018 ஜூலை அப்டேட்டில். இன்று இறக்கிப் பார்த்தால் அது வேறு கேம். 71 மட்டும் அங்கேயே இருக்கிறது.

தலைகீழாகவும் நடக்கும். 2019 ஜூனில் வந்த 'கிராஷ் டீம் ரேசிங்: நைட்ரோ ஃபியூல்ட்' விமர்சனத்துக்குப் போனபோது நிஜக் காசு கடை அதில் கிடையாது. ஆகஸ்டில் சேர்த்தார்கள். மதிப்பெண் அப்போதும் அசையவில்லை.

கேள்வி: விளம்பரம் கொடுத்து மதிப்பெண் வாங்க முடியுமா? (நெல்லை வாசகர்)

நேரடியாகப் பணம் கொடுத்து எண் வாங்குவதைவிட, அழுத்தம் மறைமுகமாகவே வரும். 2007-இல் 'கேன் அண்ட் லிஞ்ச்' கேமுக்கு 6.0 கொடுத்த கேம்ஸ்பாட் ஆசிரியர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் வேலையிழந்தார். அந்த கேமின் விளம்பரம் அப்போது அதே தளத்தில் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரதாரர்கள் அதிருப்தி உள்ளே அழுத்தமாக மாறியது என்று 2012-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். விதிவிலக்கான சம்பவம்தான், ஆனால் மறக்கக்கூடாதது.

எண்ணால் அடிபடுவது விமர்சகர் மட்டுமல்ல. 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 தொட்டால் போனஸ் என்று ஒப்பந்தம். பி.சி., எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் நின்றது 84-இல்!

கேள்வி: விமர்சனத்தில் முதலில் எதைப் பார்ப்பது? நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லுங்கள். (வேலூர் வாசகர்)

கடைசியில் இருக்கும் சிறு குறிப்பை. எந்தக் கருவியில் ஆடினார், முடித்தாரா, கேமை இறக்கும் கோட் நிறுவனம் இலவசமாகக் கொடுத்ததா என்பது அங்கேதான் இருக்கும். பிஎஸ்5-இல் ஆடியவர் எழுதியதை வைத்துப் பிஎஸ்4 டிஸ்க் வாங்காதீர்கள். பிறகு மிக உயர்ந்த மதிப்பெண் தந்த ஒன்றையும் மிகத் தாழ்ந்த ஒன்றையும் படியுங்கள், நடுவில் இருப்பவை வேண்டாம். தாழ்த்தியவரின் புகார் உங்களுக்கும் புகாரா என்று பாருங்கள். 'எல்டன் ரிங்' 96 வாங்கியது. எளிய நிலைக்கு மாற்றும் வசதி அதில் இல்லை. அது உங்களைப் படுத்துமென்றால் 96 உதவாது.

ஃபிரேம் ரேட்டுக்கு, கேம் எப்படி ஓடுகிறது என்று அளந்து காட்டும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி குழுவின் சோதனையைத் தேடுங்கள். உங்கள் கன்சோல் பெயரைச் சேர்த்துத் தேட வேண்டும். விமர்சனங்கள் அதிகம் பேசாத ஒன்று டவுன்லோடு அளவு: 2022-இன் 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்ததே சுமார் 70 எம்.பி.; மற்றதெல்லாம் இணையத்தில் இறக்க வேண்டியது. மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் டிஸ்க் கைக்கு வந்துவிட்டது என்று நிம்மதியடைய முடியாது.

கேள்வி: 'வெண்பா' கேமை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். நீளம் குறைவென்று மதிப்பெண் குறைத்தது சரியா? (சென்னை வாசகி)

கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், கிழிந்த சமையல் குறிப்பு, ஆவி மேலே ஏற வழிவிட்டு இட்லித் தட்டு அடுக்கும் புதிர். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. சிறியது என்று குறைசொன்ன விமர்சனங்கள் வந்தது உண்மை. மணிக்கு எத்தனை ரூபாய் என்று பார்ப்பவருக்கு அது பயனுள்ள தகவல், ஆகவே எழுதத்தான் வேண்டும். அதற்காக மதிப்பெண்ணையும் வெட்டுவது எங்களுக்கு ஒப்பவில்லை. நீளத்தைத் தனியாகச் சொல்லிவிட்டால் போதும். 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குத்தான் கிடைத்தது.

கேள்வி: விமர்சனம் படிக்காமல் பிளேஸ்டேஷன் ஸ்டோரில் முன்பதிவு செய்துவிட்டேன். பணம் திரும்புமா? (தூத்துக்குடி வாசகர்)

டவுன்லோடு தொடங்காதவரை வழி உண்டு. வாங்கி 14 நாளுக்குள் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் முன்னதாக முன்பதிவு செய்திருந்தால் வெளியீட்டு நாள் வரை நேரம் இருக்கிறது. முதல் வேலையாகக் கன்சோலில் தானியங்கி டவுன்லோடை அணையுங்கள். நீங்கள் தூங்கும்போது அது தானே இறங்கத் தொடங்கிவிட்டால் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். விமர்சனத் தடை (குறித்த நேரம் வரை விமர்சனம் வெளியிடக்கூடாது என்று நிறுவனம் விதிப்பது) எப்போது விலகுகிறது என்றும் தேடுங்கள். வெளியீட்டுக்குச் சில நாள் முன்பே விலகினால் படித்துவிட்டு முடிவெடுக்கலாம். அதே நாளில்தான் விலகுகிறது என்றால் இன்றே ரத்து செய்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வாங்குங்கள்.