கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு தேநீர்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் மனைவியோடு ஜப்பான் போகிறேன். ட்சுமாகோவிலிருந்து கணவாய் ஏறி மகோமேவுக்கு நடப்பதாகத் திட்டம். மனைவிக்கு ஏறினால் மூச்சு வாங்கும். படங்களைப் பார்த்தால் இரண்டு ஊருமே சினிமா செட் மாதிரி இருக்கின்றன. ஒரு நாள் செலவிடலாமா? பேருந்தில் போனால் போதுமா?
கே.

அன்புள்ள கே.,

பேருந்து இருக்கிறது, நேரமில்லையென்றால் ஏறிக்கொள்ளுங்கள். ஆனால் ‘செட்’ என்ற சொல்லை நான் விடப்போவதில்லை. சில நாட்களாக அந்த ஊர் நினைவாகவே இருந்தேன். உங்கள் கடிதமும் வந்துவிட்டது.

எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, கியோட்டோவுக்கு மலை வழியாகப் போன நகசெண்டோ சாலையில் 69 தங்கல் ஊர்கள். அதில் 42ஆவது ட்சுமாகோ, 43ஆவது மகோமே. மகோமே 1895இலும் 1915இலும் எரிந்துபோனது. அங்கே பழைய வீடு குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ட்சுமாகோ அப்படியல்ல. 1911இல் ரயில் பாதை முழுதாகத் திறந்ததும் சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்தது, ஊர் தேய்ந்தது. 1968இல் வீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். 1971இல் ஊர்க்காரர்கள் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. பாதுகாக்க வேண்டிய பகுதி என்று அரசு அறிவித்தது 1976இல்தான். ஊர் முந்தியது, அரசு அப்புறம் வந்தது. நல்ல விலை வந்தாலும் என் வீட்டை விற்கமாட்டேன் என்று அண்டை வீட்டாருக்கு வாக்குக் கொடுக்க உங்களால் முடியுமா? என்னால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். அப்படிக் காப்பாற்றிய வீட்டுக்குள் அடுப்பு மூட்டிக் குடியிருப்பவர்களைப் பார்த்துச் செட் என்கிறீர்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் நடந்த அன்று மழை. வழியில் கரடிக்காக மணி கட்டியிருந்தார்கள், ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே போனேன். உச்சி தாண்டி இறங்கினால் இச்சிகொகுடோச்சியில் ஒரு பழைய தேநீர் வீடு. தரையில் அடுப்புக் குழி, மேலே கொக்கியில் இரும்புக் கெண்டி, புகையில் கறுத்த உத்தரம். பெரியவர் ஒருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பர்ஸை எடுத்தேன், கையை ஆட்டி வேண்டாம் என்றார். அப்புறம் நனைந்த என் காலுறையைப் பார்த்துவிட்டு, அடுப்போரமாக நகர்ந்து இடம் விட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கெண்டி கொதிக்கிற சத்தத்தைக் கேட்டபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

சரி, உங்கள் மனைவி விஷயம். ட்சுமாகோவில் தொடங்காதீர்கள், அந்தப் பக்கம் ஏற்றம் அதிகம். மகோமேவில் தொடங்கினால் கொஞ்ச தூரத்திலேயே உச்சி வந்துவிடும், மிச்சமெல்லாம் பெரும்பாலும் இறக்கம். மொத்தமே சுமார் 8 கிலோமீட்டர். அவர் நடக்கிற வேகத்துக்கு நீங்கள் நடங்கள். மாற்றுக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.