மூன்று நாள் வகுப்பில் மசாஜ் தெரபிஸ்ட், ரெய்க்கி ஹீலர் இரண்டும் ஆக முடியுமா?

கேட்டிருப்பவர் பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். மூன்று நாள், இரண்டு சர்டிபிகேட், உடனே வீட்டிலேயே தொழில் தொடங்கலாம் என்று நோட்டீஸ் வந்ததாம், சேரலாமா என்கிறார். ரெய்க்கி என்பது உடம்பில் கை வைத்துச் சக்தி பாய்ச்சுவதாகச் சொல்லும் ஜப்பானிய முறை, அதன் முதல் நிலையை ஒரே நாளில்கூட முடிக்கலாம். மசாஜை முடியாது. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருபவர் இரண்டில் எதையோ அரைகுறையாகத்தான் கட்டியிருப்பார்.

கைமுதல் அதிகம் போடாமல் சொந்தமாகச் சம்பாதிக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சுவீடிஷ் மசாஜ் என்று எங்கும் கற்றுத்தருவது அடிப்படையில் ஐந்து கை வேலை: நீளமாக உருவுவது எஃப்ளூராஜ், மாவு பிசைவது போலச் சதையைப் பிசைவது பெட்ரிசாஜ், ஒரே இடத்தில் அழுத்தித் தேய்ப்பது ஃப்ரிக்ஷன், தட்டுவது டபோட்மெண்ட், அதிர வைப்பது வைப்ரேஷன். பெயர்களில் பாதிக்கு மேல் பிரெஞ்சு. வகைப்படுத்திப் பரப்பியவர் மெஸ்கர் என்ற டச்சு மருத்துவர். சுவீடனுக்கு இதில் என்ன பங்கு என்பது தனிக் கதை. நம் சித்த மருத்துவத்தில் உடம்பு பிடித்துவிடும் முறையான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது உண்டு. ஐந்தோ ஒன்பதோ, அரை நாளில் காட்டிவிடலாம். கை படிவதற்குத்தான் மாதக்கணக்கு. என் கணக்கில், ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தத் திருத்த 150 மணி நேரம் விதவிதமான உடம்புகளில் செய்யாமல் காசு வாங்கக் கூடாது.

முதுகை உருவுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். எண்ணெயை முதுகில் ஊற்றாதீர்கள். ஒரு தேக்கரண்டி உங்கள் உள்ளங்கையில் விட்டு, தேய்த்துச் சூடாக்கி, பிறகு வையுங்கள். இடுப்பில் ஆரம்பித்து முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் உள்ள சதைமேட்டில் மேலே போய், தோள்பட்டையைச் சுற்றி, விலாப்பக்கமாக லேசாக இறங்குங்கள். எலும்பின் மேல் அழுத்தம் விழக் கூடாது. ஏறும்போது ஐந்தாறு நொடி. அழுத்தம் பின்னங்காலில் இருந்து முன்னங்காலுக்குச் சாயும் உடல் எடையில் இருந்து வர வேண்டும். தோளால் தள்ளினால் மூன்றாவது ஆளிலேயே களைத்துவிடுவீர்கள். எண்ணெய் கூடினால் கை வழுக்கிப் பிடிமானம் போய்விடும், குறைந்தால் முடி இழுபடும். உடம்பு முழுவதற்கும் 20 முதல் 30 மில்லி போதும். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்க்கும் கேரள அப்யங்கத்துக்கு இதைப்போலப் பல மடங்கு ஆகும், அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

டேபிள் உயரத்தைப் பற்றிப் பேசாத வகுப்பு வகுப்பே இல்லை. பக்கத்தில் நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய முஷ்டியின் முட்டிகள் டேபிளைத் தொட வேண்டும். ஆழமாக அழுத்தும் வேலை என்றால் இன்னும் சற்றுத் தாழ்வாக. கட்டிலிலும் பாயிலும் குனிந்து பழகியவர்களுக்கு முதலில் போவது சொந்த இடுப்புதான். அடுத்து கட்டைவிரல். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீர் என்றால் தசைநாண் உறை வீங்க ஆரம்பித்திருக்கலாம். ஆழமான அழுத்தத்துக்கு முன்கையையும் முழங்கையையும் பயன்படுத்தக் கற்றுத்தரச் சொல்லுங்கள்.

எப்போது தொடக் கூடாது என்பதுதான் பாடத்தின் கனமான பகுதி. மூன்று நாள் வகுப்பில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். உங்களிடம் வரப்போவது துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், காசிமேட்டில் வலை இழுத்துத் தோள் பிடித்துக்கொண்டவர், நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டும் ஆட்டோக்காரர், எம்.சி. ரோட்டுத் தையல்காரர். அதில் ஒருவர் “ஒரு கால் மட்டும் பிடிச்சுக்கிச்சு, நல்லா அமுக்கி விடுங்க” என்பார். ஒரு பக்கத்து ஆடுசதை மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, இறுக்கமாக, வலியோடு இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். முட்டிக்குக் கீழே துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரண்டு காலையும் டேப்பால் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் சந்தேகம் பலம். குறைவாக இருந்தாலும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள், ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால், நீங்கள் அமுக்கும் அமுக்கில் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். மாவுக்கட்டு பிரித்தவர், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர் என்றால் இரட்டிப்புக் கவனம்.

சர்க்கரை நோயாளியின் பாதம் வேறு வகை. “இன்னும் அழுத்துங்க, ஒண்ணும் தெரியல” என்பார். உணர்ச்சி குறைந்திருப்பதால் தெரியவில்லை. அவர் சொல்வதை வைத்து அழுத்தத்தைக் கூட்டவே கூடாது, வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். கழுத்தின் முன்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, முட்டியின் பின்குழி இவற்றில் ரத்தக்குழாயும் நரம்பும் மேலாக ஓடுகின்றன. ஆழமாகப் போகாதீர்கள். காய்ச்சல், தோல் தொற்று, கட்டுப்படாத ரத்த அழுத்தம் என்றால் அன்று வேலை இல்லை.

இனி ரெய்க்கி. ரெய்க்கி நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், படித்துவிட்டுத் திட்டுங்கள். ஜப்பானின் மிக்காவோ உசுயி 1922இல் தொடங்கியது. ஹவாயோ டக்காட்டா என்ற பெண்மணி வழியாக அமெரிக்காவுக்குப் போய் அங்கிருந்து உலகம் சுற்றியது. முதல் நிலையில் தீட்சை, சுமார் பன்னிரண்டு கை நிலைகள், ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து நிமிடம், பிறகு 21 நாள் தனக்குத்தானே பயிற்சி. இதே வகையான பிராணிக் ஹீலிங் பிலிப்பைன்ஸின் சோவா கொக் சுயி வகுத்தது, அதில் தொடுவதே கிடையாது. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி, இவற்றுக்கு நெருங்கிய, உடம்புக்கு மேலே கையை வைத்துச் சக்தியை உணர்வதாகச் சொல்லும் ‘தெரபியூடிக் டச்’ செய்யும் 21 பேரைத் திரைக்குப் பின்னால் கைநீட்ட வைத்து, தன் கை அவர்களின் எந்தக் கைக்கு மேல் இருக்கிறது என்று கேட்டாள். 280 முறையில் 44 சதவீதம்தான் சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே பாதி தேறியிருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. ஆக, சக்தியைக் கை உணர்கிறது என்பதை நான் நம்பவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் அமைதியாகப் படுக்க வைத்து, ஒருவர் பொறுமையாகக் கை வைத்திருந்தால் மனம் இளகும். அந்த அளவுக்கு விற்றால் தப்பில்லை. சர்க்கரை, புற்றுநோய் குணமாகும் என்று நோட்டீஸ் அடித்தால் 1954ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில் மாட்டுவீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வது அதைவிடப் பெரிய பாவம்.

சர்டிபிகேட் விஷயம்: அழகு, உடல்நலத் தொழில்களுக்கான திறன் பயிற்சி அமைப்பான பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டார் ஸ்கில் கவுன்சில் வகுத்த ஸ்பா தெரபிஸ்ட் பாடத்திட்டமா, வெளி ஆள் வந்து தேர்வு நடத்துவாரா என்று கேளுங்கள். எது வாங்கினாலும் பிசியோதெரபிஸ்ட் என்று போர்டு போடக் கூடாது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அரும்பாக்கம். அங்கே அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதுகுவலி இருந்தால் நோயாளியாகவே போய்ப் பாருங்கள், படித்த கை எப்படி நகர்கிறது என்று தெரியும். வடசென்னையில் தேடாதீர்கள். வலிக்கும் உடம்பெல்லாம் இங்கே, கற்றுத்தரும் இடமெல்லாம் அண்ணா நகரிலும் நுங்கம்பாக்கத்திலும்.

டவலை யாரும் சொல்லித் தருவதில்லை. நல்லெண்ணெய் ஊறிய டவலை அன்றே வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைக்காவிட்டால் சிக்கு வாடை ஏறிவிடும், பிறகு போகாது. டிரையரில் இருந்து சூடாக எடுத்துக் குவித்து வைத்தால் மிச்ச எண்ணெய் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மொட்டை மாடியில் காயப்போடலாம் என்றால், எண்ணூர்ப் பக்கம் வெள்ளை டவல் மதியத்துக்குள் சாம்பல் பூத்துவிடும். 2011இல் நீதிமன்றம் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை நிறுத்தியதும் ராயபுரத்துக்கு மூச்சு வந்தது. கரி எங்கே போனது? வடக்கே எண்ணூருக்கு. வெள்ளை டவல் இல்லாத ஸ்பாவை மதிக்க மாட்டார்களாம், வெள்ளையாக வைத்திருக்க விடவும் மாட்டார்கள். கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். அடர் பழுப்பு டவல் வாங்குங்கள்.

முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் ரெய்க்கி நாளுக்குப் போய்விட்டு வாருங்கள். மசாஜ் நாளில் எத்தனை பேருக்கு எத்தனை டேபிள் என்று எண்ணுங்கள். இருவருக்கு ஒன்று இல்லையென்றால் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.