பிராண்டை மாற்றினேன், வேலை நின்றுபோனது: கணினி வாங்கியோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். விண்டோஸை விட்டு மேக்குக்குப் போனவர்கள், மேக்கை விட்டுத் திரும்பியவர்கள், இரண்டும் வேண்டாம் என்று லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டவர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

பத்து வருடமாக விண்டோஸ் லேப்டாப்தான். மகள் சொன்னாள் என்று போன மாதம் மேக்புக் ஏர் வாங்கினேன். டேலி கணக்கு மென்பொருள் போட முடியவில்லை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் அது கண்டுகொள்ளவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். வழக்குப் போடலாமா?
*கணக்கர், திருப்பூர்*

போடலாம், நிற்காது. பொருளில் பழுதில்லை, விற்றவர் பொய்யும் சொல்லவில்லை. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். பத்து வருடம் அதில் சம்பாதித்தவர், லட்ச ரூபாயை எண்ணி வைக்கும் முன் "இதில் டேலி ஓடுமா?" என்று கேட்காததை என்னால் ஏற்க முடியவில்லை. மகளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இனி ஆக வேண்டியது. இன்டெல் சிப் இருந்த மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸைத் தனியாகப் போட்டுக்கொள்ள முடிந்தது. 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்த மேக்குகள் முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. பேரலல்ஸ் மென்பொருளை வாங்கி அதற்குள் ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ் 11-ஐ ஓட்டலாம். 2023-ல் மைக்ரோசாஃப்டே இதற்கு ஒப்புதல் தந்தது. ஆனால் பேரலல்ஸுக்கு ஒரு பணம், விண்டோஸ் உரிமத்துக்கு இன்னொரு பணம். அதற்குப் பிறகும் டோக்கன் மாதிரி டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) கேட்கும் கருவிகள் தகராறு செய்யும்.

பழைய லேப்டாப்பை விற்றுவிடவில்லையே? அதை அலுவலகத்திலேயே ஓடவிட்டு, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக மேக்கிலிருந்து நுழைந்து டேலி பாருங்கள். அதில் விண்டோஸ் ப்ரோ இருந்தால் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஹோம் பதிப்பு என்றால் வேறு மென்பொருள் தேவை. கையெழுத்துப் போடும் நாளில் மட்டும் பழைய லேப்டாப்பின் முன்னால் உட்காருங்கள்.

ஆப்பிள் நல்லதா, விண்டோஸ் நல்லதா?
*சென்னை*

என்ன வேலைக்கு என்று எழுதுங்கள். அது தெரியாமல் பதில் சொல்ல மாட்டேன்.

பதினெட்டு ஆண்டுகளாகக் கட்டுரைகளும் எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுக் குறிப்புகளும் கணினியில் எழுதி வைத்திருக்கிறேன். பேரன் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. லினக்ஸ் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதா?
*ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்*

ஐயா, ஒன்றும் கெடவில்லை. முதலில் அந்தக் கவலையை விடுங்கள். பேரனையும் கோபிக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதைக் கணினி ஒருநாளும் தமிழாகச் சேமிக்கவில்லை. உதாரணத்துக்கு, பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் போவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அவை 'அம்மா' என்று தெரியும். அது இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும். உங்கள் பழைய விண்டோஸில் நீங்கள் எழுதிய எழுத்துரு இருந்தது. புதிய லினக்ஸில் இல்லை. நீங்கள் மேக்குக்குப் போயிருந்தாலும், புது விண்டோஸ் லேப்டாப்பே வாங்கியிருந்தாலும் இதே கதைதான்.

இதைப் பற்றி நான் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். ஒரு காலத்தில் எழுத்துரு செய்தவர்கள் எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்று ஆளுக்கொரு குறிமுறை வைத்திருந்தார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறிமுறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010-ல் தமிழக அரசு எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறையையும், தமிழுக்கென்றே உள்ள டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. அதற்கு வெகு முன்பே விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் யூனிகோடுத் தமிழைக் காட்டத் தொடங்கிவிட்டன. ஆனாலும் இன்றைக்கும் அச்சகத்துக்குப் போனால் "பாமினியில் அடித்துக் கொண்டு வாங்க" என்கிறார்கள். டிடிபி கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, பழைய எழுத்துருவில் அடித்து, பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கிப் போகிறவருக்கு அந்த எழுத்துருவின் பெயர்கூடத் தெரியாது. காசு கொடுத்தது தமிழுக்கு. கையில் வந்தது அந்தக் கடையின் கணினியில் மட்டும் தமிழாகத் தெரிகிற ஒரு கோப்பு. எடை குறைத்து விற்பதற்குச் சமம் இது.

என் அப்பா கைப்பட எழுதிய குடும்ப வரலாற்றை 2003-ல் ஒரு கடையில் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். எண்பது பக்கம். சிடி கொடுத்தார்கள். அப்பா காலமான பிறகு திறந்தால் வெறும் குறிகள். கடை மூடிக் கிடந்தது. கையெழுத்துப் பிரதியை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்கவே மூன்று மாதம் அலைந்தேன். கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அந்த மூன்று மாதமும் நான் பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது.

உங்களுக்கான வழி இது. கோப்புகளை வேறொரு பென்டிரைவில் அப்படியே படியெடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்; மூலத்தில் கை வைக்க வேண்டாம். படியை லிப்ரே ஆஃபீஸ் என்ற எழுதும் மென்பொருளில் திறந்து, குறிகள் மேல் கர்சரை வைத்தால் மேலே எழுத்துருப் பெட்டியில் பெயர் தெரியும். அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். பிறகு அந்தப் பெயருக்கு உரிய யூனிகோடு மாற்றியில் பத்தி பத்தியாகப் போட்டு மாற்றுங்கள். இடையிடையே ஆங்கிலச் சொல் எழுதியிருந்தால் அது மட்டும் உருத்தெரியாமல் போகும். அதற்காகப் பழைய கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெய்ப்புப் பாருங்கள். கல்வெட்டுக் குறிப்புகளில் எண்களும் கிரந்த எழுத்துகளும் இருக்கும், அங்கே நிதானம் தேவை. இனிப் புதிதாக எழுதுவதற்கு மின்டில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 கிடைக்கும். பேரனிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவான்.

செகண்ட் ஹேண்ட் மேக்புக் 42,000 ரூபாய்க்குக் கடையில் வாங்கினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மெதுவாகிறதே என்று எல்லாவற்றையும் அழித்து மறுபடி செட்டப் செய்தேன். 'இந்தக் கணினியை ஒரு நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வந்து, ஏதோ கம்பெனியின் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கிறது. கடையில் "நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்க" என்கிறார்கள். பில் கேட்டபோதே கொடுக்கவில்லை. நைட் டியூட்டி பார்த்துச் சேர்த்த பணம்.
*செவிலியர், தூத்துக்குடி*

அம்மா, நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் மேக்குகளைத் தங்கள் பெயரில் ஆப்பிளிடம் பதிந்து வைக்கும். அந்தப் பதிவை நிறுவனமே நீக்க வேண்டும். நீக்காமல் கைமாறிய மேக், அழித்துவிட்டு இணையத்தோடு செட்டப் செய்யும்போது பழைய முதலாளியைத் தேடும். இது தெரிந்த வியாபாரிகள் இணையத்தில் இணைக்காமலே செட்டப்பை முடித்து, எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டி விற்கிறார்கள். திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். அதனால் "லாக்கை எடுத்துத் தருகிறேன்" என்று வருகிறவர்களிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளை விற்று பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடவடிக்கை. பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படித்தான். திருப்பிக் கொடுக்க பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. உங்களுக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது, இன்றே பணத்தை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று. திரையில் வரும் செய்தியைப் படம் எடுங்கள், கணினியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணையும் படம் எடுங்கள். ஜிபே செய்திருந்தால் அந்தப் பதிவு உங்கள் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம்; கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு.

நானும் சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி 14,000 ரூபாய் இழந்தவன். கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தது; கையில் பில் இல்லை; வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் வெட்கப்படாதீர்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் மறுபடி எழுதுங்கள்.

ஆன்லைனில் 600 ரூபாய்க்கு விண்டோஸ் ப்ரோ கீ வாங்கினேன். ஆறு மாதத்தில் 'ஆக்டிவேட் செய்யவும்' என்கிறது.
*ஈரோடு*

எங்கோ ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கிய கீயை உங்களுக்கும் இன்னும் பலருக்கும் விற்றிருப்பார்கள். 600 ரூபாய்க்கு யாரும் உரிமம் தருவதில்லை. அடுத்த முறை விலையைப் பார்த்ததுமே விலகுங்கள்.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2016-ல் வாங்கிய ஐ5 கணினி. விண்டோஸ் 11 ஏறாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ் ஆள்.
*சேலம்*

தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப்பும் வேண்டும். உங்களுடையதில் அது இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டு உபயோகிப்பாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பை 2026 அக்டோபர் 13 வரை அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்புப் படி எடுக்கச் சம்மதித்தால் அதற்குக் காசில்லை.

அதற்குப் பிறகும் அந்தக் கணினி ஓடும், லினக்ஸில். ஆனால் போடுவதற்கு முன் ஒரு வேலை. லினக்ஸ் மின்டைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்குங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. அந்த நிலையில் உங்கள் பிரின்டர், ஸ்கேனர் இரண்டிலும் ஒவ்வொரு தாள் எடுத்துப் பாருங்கள். உங்களுக்குச் சோறு போடுவது அந்த இரண்டும்தான்.

நான் இதைச் செய்யவில்லை. லினக்ஸுக்கு மாறிய வாரத்தில்தான் தெரிந்தது, அதற்கு ஆறு மாதம் முன்பு 11,000 கொடுத்து வாங்கிய லேசர் பிரின்டருக்கு லினக்ஸ் டிரைவர் சரியாக இல்லை என்று. மூன்று தாள் அடித்தால் நான்காவது நிற்கும். பாதி விலைக்கு விற்றேன். இன்னொன்று, உங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பானைப் போடுங்கள். புதுக் கணினி விலையில் சிறு பகுதிதான், வேகம் நன்றாகத் தெரியும்.

புது லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு லினக்ஸ் போட பயாஸில் ஒரு செட்டிங்கை மாற்றினேன். நீலத்திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. கடையில் அவர்கள் மெயிலைப் போட்டுத்தான் செட்டப் செய்து கொடுத்தார்கள். புராஜெக்ட் முழுக்க உள்ளே.
*பொறியியல் மாணவர், திருநெல்வேலி*

தம்பி, முதலில் எதையும் ஃபார்மேட் செய்யாதே. மாற்றிய செட்டிங்கைப் பழையபடி வைத்துப் பார். பல நேரம் அதிலேயே திறந்துவிடும்.

திறக்காவிட்டால், அந்தக் கீ செட்டப் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதாவது கடைக்காரரிடம். நேரில் போ, உன் கண் முன்னால் அவரை அந்தக் கணக்கில் நுழையச் சொல், எண்ணை எழுதி வாங்கு. இப்போதைய விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க்கைப் பூட்டிவிடுகிறது. நீ காசு கொடுத்த கணினியின் சாவி கடைக்காரர் பெயரில் இருப்பது பெரிய அநியாயம். கீ இல்லாமல் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. "எட்டாயிரம் கொடு, உடைத்துத் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதே. திறந்ததும் உன் கணக்கை உருவாக்கி, அவர்கள் கணக்கை நீக்கிவிடு.

லினக்ஸ் பிடிக்கவில்லை. விண்டோஸுக்கே திரும்ப வேண்டும். கடையில் 'ஓஎஸ், கீ' சேர்த்து 4,500 கேட்கிறார்கள். லேப்டாப் வாங்கும்போது விண்டோஸ் 10 இருந்தது.
*காஞ்சிபுரம்*

கீக்குக் காசு கொடுக்காதீர்கள். விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸை இலவசமாக இறக்கி, முன்பிருந்த அதே பதிப்பைப் போட்டால் தானே ஆக்டிவேட் ஆகும். போட்டுக் கொடுக்கும் கூலி மட்டும் பேசுங்கள். விண்டோஸ் இல்லாமல் 'டாஸ்' என்று சொல்லி விற்ற லேப்டாப்புக்கு இது பொருந்தாது.

இ-சேவை மையத்துக்கு ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப் வாங்கினேன். கைரேகைக் கருவி வேலை செய்யவில்லை. இதுவும் விண்டோஸ்தானே?
*திண்டுக்கல்*

விண்டோஸ்தான், ஆனால் இன்டெல் அல்லாத ஆர்ம் வகைச் சிப்புக்கானது. இன்டெல்லுக்கு எழுதிய சாதாரண மென்பொருளை அது சமாளித்துவிடும். கருவிகளின் டிரைவரை அப்படிச் சமாளிக்க முடியாது, ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். கருவி விற்றவரிடம் ஆர்ம்64 டிரைவர் உண்டா என்று கேளுங்கள். எந்த வேலைக்கு என்று கடையில் சொல்லி, அவர்கள் 'ஓடும்' என்று உறுதி சொல்லி வாங்கியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு ஏதாவது சாட்சி இருக்கிறதா என்று எழுதுங்கள், மேலே பார்ப்போம்.

விண்டோஸில் பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க்கை மேக்கில் செருகினால் போட்டோ தெரிகிறது, புதிதாக எதையும் போட முடியவில்லை. ஃபார்மேட் செய்யலாமா?
*கோவை*

செய்தால் போட்டோ அத்தனையும் போய்விடும். அந்த டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற சேமிப்பு முறையில் இருக்கிறது. மேக் அதைப் படிக்கும், எழுதாது. முதலில் போட்டோக்களை வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து, நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம்.